டிக்கெட் போட்டீங்களா?

இந்த வாரம் காதல், ஜாதகம், சினிமாக் கேள்விகளுக்கு விடுமுறை. அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் அந்த ஓர் ஆசாமியைப் பற்றி இத்தனை பேர் மனதில் இத்தனை கோபமா? புக்கிட் பாத்தோக் கடிதம் முதலில்.

*கணக்குப் பிரிவு ஊழியை, புக்கிட் பாத்தோக் கிரசென்ட்*

கே: எங்கள் கம்பெனியில் ஐடிக்கு ஒரே ஒருவர். என் மேசையிலிருந்து நாலு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். நேரில் போய்ச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘டிக்கெட் போட்டீங்களா?’ என்கிறார். போட்டால் கிணற்றில் போட்ட கல். இன்வாய்ஸ் அச்சடிக்க முடியாமல் நான் படும் பாடு யாருக்கும் புரியவில்லை. இவரை என்ன செய்யலாம்?

ப: சட்டம் அனுமதிப்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக நீங்கள் போட்ட டிக்கெட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘பிரிண்டர் மறுபடியும் வேலை செய்யவில்லை, அர்ஜன்ட், ப்ளீஸ்’ என்ற மாதிரிதானே இருக்கும்? அன்றைக்கு அவருக்கு வந்த மற்ற டிக்கெட்டுகளும் அப்படித்தான் இருந்திருக்கும். எல்லாமே அர்ஜன்ட் என்றால் எதை முதலில் எடுப்பது என்பதை அவர் தன் இஷ்டப்படி முடிவு செய்வார். அந்த இஷ்டத்தில் உங்களுக்கு எந்த இடம் என்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: ‘இன்று காலை 9.40 முதல் இன்வாய்ஸ் அச்சாகவில்லை. டெலிவரி ஆர்டர் அச்சாகிறது. எனக்கும் பக்கத்து மேசைக்கும் ஒரே நிலைமை. திரையில் வந்த செய்தியைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். 2 மணிக்கு லாரி துவாஸுக்குக் கிளம்ப வேண்டும். தாள் இல்லாமல் கிளம்பாது.’

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ‘டெலிவரி ஆர்டர் அச்சாகிறது’ என்கிற சின்ன வாக்கியம்தான் இதில் ரொம்ப முக்கியம். பிரிண்டரும் நெட்வொர்க்கும் நன்றாக இருக்கின்றன, கோளாறு கணக்கு மென்பொருள் பக்கம் என்பது அவருக்கு நாற்காலியை விட்டு எழாமலே தெரிந்துவிடும். எழ மறுப்பவருக்கு, எழாமல் முடிக்கக்கூடிய வேலையைக் கொடுப்பதுதான் ராஜதந்திரம்.

அடுத்தது லாரி. அது நிற்கப்போகிறது என்றால் கவலைப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, டெலிவரியைப் பார்த்துக்கொள்பவர். அந்த டிக்கெட்டில் அவரையும் சேர்த்துவிடுங்கள். போட்டுக்கொடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். யாருடைய வேலை நிற்கிறதோ அவருக்குச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘எப்போ முடியும்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கு ‘பாக்கறேன்’ என்று ஒரு பதில் உலகம் முழுக்கத் தயாராக இருக்கிறது. ‘எதனால நிக்குது?’ என்று கேளுங்கள். வெண்டர் பதில் போடவில்லை, லைசென்ஸ் முடிந்துவிட்டது, பாஸ் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று ஏதாவது ஒன்றை அவர் சொல்லியே ஆக வேண்டும். பாஸின் மேசையில் மூன்று வாரமாகத் தூங்கும் ஒரு தாளுக்காக நாலு மேசை தள்ளி இருப்பவரை நீங்கள் திட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் அப்போது தெரியவரலாம்.

*வாசகர், புக்கிட் கோம்பாக்*

கே: எதற்குப் போனாலும் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?’ இதைச் சொல்வதற்கு ஒரு டிப்ளமாவா?

ப: அது பலிக்கிறதே, அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது! ஒரு நுணுக்கம் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பல கம்ப்யூட்டர்களில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் உள்ளே ஒரு பகுதி முழுசாக அணையாது. மறுநாள் சீக்கிரம் திறப்பதற்காக, இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ‘நேத்து ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன்’ என்று நீங்கள் வாதாடுவதும், அவர் நம்பாமல் உங்களைப் பார்ப்பதும் இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

*வாசகர், ஜூரோங் ஈஸ்ட்*

கே: எதைக் கேட்டாலும் ‘முடியாது’ என்கிற ஐடிக்காரர், எதற்கும் வாயே திறக்காத ஐடிக்காரர். இரண்டில் யார் மோசம்?

ப: வாய் திறக்காதவர். சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூர் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது.

2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து, நோயாளிகள் 1.5 மில்லியன் பேரின் தனிப்பட்ட விவரங்களைத் திருடினார்கள். அவர்களில் சுமார் 160,000 பேருக்கு எழுதிக் கொடுத்த மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் குறிவைத்துத் தேடியிருந்தார்கள். சொத்து, பதவி பார்க்காமல் எல்லாரும் போய் நிற்கிற பொது மருத்துவமனை வரிசை அது. ஆகவே உங்கள் பெயரும் இருந்திருக்கலாம்.

திருடர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் முன்னாள் தலைமை மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் முன் வந்த சாட்சியங்களைப் படித்தால், கெட்டிக்காரத்தனத்தைவிட ஓர் அலுவலகத்தின் மௌனம்தான் மனதில் நிற்கிறது. பொதுச் சுகாதாரத் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொண்டது ஐஎச்ஐஎஸ் என்ற நிறுவனம். 2023இல் சினாப்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஜூன் நடுவிலேயே தரவுத்தளத்துக்குள் நுழைய யாரோ முயன்று தோற்பதைக் கண்டுவிட்டார்கள். ஜூலை 4 அன்று தரவுத்தளத்தைக் கவனித்துவந்த ஓர் ஊழியர், வழக்கத்தில் இல்லாத தேடல் கட்டளைகள் ஓடுவதைப் பார்த்து, சக ஊழியர்களோடு சேர்ந்து நிறுத்தினார். பெரிய பதவிக்காரர் இல்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை. கண்ணில் பட்டது, நிறுத்தினார்.

ஆனால் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாள வேண்டிய மேலாளர் மேலே சொல்லவில்லை. முழுசாக உறுதியாகட்டும் என்று காத்திருந்தார். சொல்லிவிட்டால் ஆளாளுக்குத் தகவல் கேட்டுத் துரத்துவார்கள், ராப்பகலாக நிம்மதி போய்விடும் என்ற எண்ணமும் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. தகவல் பாதுகாப்பு அதிகாரியோ, சொல்ல வேண்டியது அந்த மேலாளரின் வேலை என்று இருந்துவிட்டார். நிறுவனத்தின் உயர்மட்டத்துக்கு விஷயம் போனது ஜூலை 9. சுகாதார அமைச்சுக்கும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்கும் ஜூலை 10. பொதுமக்களுக்கு ஜூலை 20.

குழுவின் அறிக்கை 2019 ஜனவரி 10 அன்று 16 பரிந்துரைகளோடு வெளியானது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் போட்டது. இரண்டு பேருக்கு வேலை போனது, ஒருவருக்குப் பதவி இறங்கியது. தலைமை நிர்வாகி உட்பட உயர்மட்டத்தினர் ஐந்து பேருக்கு அபராதம். விழிப்போடு நடந்துகொண்ட மூன்று ஊழியர்களுக்குப் பாராட்டுக் கடிதம்.

அந்த மேலாளரைச் சோம்பேறி என்று முத்திரை குத்திவிட்டுப் போவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. இதே நிறுவனத்தில் 2014இல் ஓர் ஊழியர் சிங்ஹெல்த் பயன்படுத்திய மருத்துவப் பதிவு மென்பொருளில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை அந்த மென்பொருளை விற்றவரின் போட்டி நிறுவனத்துக்கு எழுதிப்போட்டார். அது பெரிய தப்பு, வேலை போனது. சரி. ஆனால் அவர் சொன்ன ஓட்டை? அதை யாரும் ஒழுங்காகத் தோண்டிப் பார்க்கவில்லை. ஆளை அனுப்பியதோடு விஷயம் முடிந்தது. இதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

உங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஐடிக்காரர் ‘சார், ஒரு மாதிரி இருக்கு’ என்று வந்து நின்றால் முதலாளியின் முதல் கேள்வி என்ன? ‘யார் பண்ணது?’ என்றால், இரண்டாவது தடவை அவர் வர மாட்டார். ‘முடியாது’ என்பவரிடம் ஏன் என்று கேட்கலாம், எழுதித் தரச் சொல்லலாம், சண்டை போடலாம். வாயை மூடிக்கொண்டவரிடம் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவீர்கள்?

*வாசகி, சிராங்கூன் நார்த்*

கே: 90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உயிரை வாங்குகிறார். பழையதில் ஒரு எண்ணை மட்டும் கூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சரிதானே?

ப: அவரும் தப்பு, நீங்களும் தப்பு. அடிக்கடி மாற்று, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று உலகத்தையே ஆட்டி வைத்த விதிகளை 2003இல் எழுதியவர் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் பில் பர். 2017இல் ஒரு நாளிதழ் பேட்டியில், அப்படி எழுதியதற்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே ஆண்டு அந்தக் கழகமே, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லக் கூடாது என்று திருத்தி எழுதியது. நீளமாக வையுங்கள், திருடு போனதாகத் தெரிந்தால் மாற்றுங்கள் என்பதுதான் இன்றைய வழி. உங்கள் ஐடிக்காரரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோகாமல் கேள்வியாகக் கொண்டுபோங்கள்.

குறி சேர்த்தால் பாதுகாப்பு என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல்: மேலே சொன்ன சிங்ஹெல்த் விவகாரத்தில் ஒரு சர்வரின் நிர்வாகிக் கணக்குக்கு வைத்திருந்தது ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஓர் எழுத்துக்குப் பதில் @, இன்னொன்றுக்குப் பதில் 0. பெரிய எழுத்து, குறி, எண் எல்லாம் இருந்தது. விதிப்படி நூற்றுக்கு நூறு.

*வாசகர், தெம்பனிஸ்*

கே: தீபாவளிக்குத் தேக்காவில் முறுக்கு, அதிரசம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் பறந்து பறந்து செய்தார். மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. வருஷத்துக்கு எத்தனை தீபாவளி கொண்டாடுவது?

ப: நாலு இனமும் சேர்ந்த நாடு இது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ் எல்லாவற்றையும் நீங்களே கொண்டாடுங்கள். ஆனால் அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

*ஜவுளி வியாபாரி, லிட்டில் இந்தியா*

கே: கடைக் கணக்கு, ஆன்லைன் விற்பனை, கேமரா எல்லாம் ஒரே பையன் கையில். எந்த பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது. கேட்டால் ‘எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு முதலாளி’ என்று சிரிக்கிறான். சம்பளம் கூட்டிக் கேட்கும்போது மட்டும் சிரிப்பதில்லை. பயமாக இருக்கிறது.

ப: பயப்படுங்கள். அது நல்லதுதான்.

2008இல் சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு இது நடந்தது. நகராட்சியின் நெட்வொர்க்கைக் கட்டிக் காத்த டெர்ரி சைல்ட்ஸ் என்ற ஊழியர், பாஸ்வேர்டுகளைத் தன் மேலதிகாரிகளிடம் கொடுக்க மறுத்துவிட்டார். அவர்களுக்கு அதைக் கையாளத் தெரியாது, நான் கட்டியதைக் கெடுத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. ஜெயிலில் போட்டார்கள், அப்போதும் வாய் திறக்கவில்லை. கடைசியில் மேயர் கேவின் நியூசம் நேரில் ஜெயிலுக்குப் போய்த்தான் வாங்கி வந்தார். அத்தனை நாளும் நெட்வொர்க் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை! 2010இல் சைல்ட்ஸுக்கு நாலு ஆண்டு சிறை கிடைத்தது. வேலையில் அவர் கெட்டிக்காரர். கட்டியதெல்லாம் தன்னுடையது என்று நினைத்ததில்தான் வினை.

நம் ஊர்க் கதை இன்னொன்று, நேர் எதிர்ப்பக்கம். இங்கே ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2022 நவம்பரில் வேலை போன ஓர் ஊழியர், அடுத்த ஆண்டு பழைய கணக்கு வழியாகவே உள்ளே புகுந்து 180 மெய்நிகர் சர்வர்களை அழித்தார். அவை சோதனைக்கு வைத்திருந்தவை. நஷ்டம் 900,000 வெள்ளிக்கு மேல். 2024இல் இரண்டு ஆண்டு எட்டு மாதச் சிறைத் தண்டனை. கோபக்காரரைக் குறை சொல்லலாம். ஆனால் ஆளை அனுப்பிய பிறகும் நிர்வாகிக் கணக்கை உயிரோடு விட்டுவைத்தது யார்?

உங்களுக்குச் செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. இணையதளப் பெயர், கணக்கு மென்பொருள், வங்கி இணைப்பு எல்லாம் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பையனின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் இந்த வாரமே கடைப் பெயருக்கு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை உருவாக்கச் சொல்லி, விவரத்தை உறையில் போட்டு, நகைப் பெட்டகத்தில் வையுங்கள். உறையை வாங்கியதோடு விட்டுவிடாமல், ஒரு தடவை நீங்களே நுழைந்து பாருங்கள். அவனிடம் இதைச் சந்தேகமாகச் சொல்ல வேண்டாம். ‘தம்பி, உனக்கு டெங்கி வந்து பத்து நாள் படுத்துட்டா நான் கடையைப் பூட்டிட்டுப் போறதா?’ என்று கேளுங்கள். சிங்கப்பூரில் யாரும் மறுக்க முடியாத காரணம் அது.

சம்பளத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று பேர் வேலையை ஒருவனுக்குக் கொடுத்தது அவன் இல்லை.

*வாசகி, புக்கிட் பாத்தோக் ஈஸ்ட்*

கே: எங்கள் ஐடிக்காரர் திருச்சிக்காரர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ‘அண்ணே, கொஞ்சம் பாத்துக் கொடுங்கண்ணே’ என்று தமிழில் கேட்டால், ‘ப்ளீஸ் ரெய்ஸ் எ டிக்கெட், மேடம்’ என்று இங்கிலீஷில் பதில். பக்கத்து மேசைச் சீனப் பெண் கூப்பிட்டால் உடனே எழுந்து போகிறார். தமிழனுக்குத் தமிழனே எதிரியா?

ப: அந்தச் சீனப் பெண் டிக்கெட் போட்டுவிட்டுக் கூப்பிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள்.

‘அண்ணே’ என்று கூப்பிட்டால் தங்கைக்குச் செய்தது ஆகிவிடும். தங்கைக்குச் செய்தது கணக்கில் ஏறாது. அவர் இங்கே வேலை அனுமதியில் இருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை கம்பெனியோடு கட்டப்பட்டது, வேலை போனால் அதுவும் போகும். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளிக் கணக்கு வேறு வந்துவிட்டது. ஆண்டு முடிவில் ‘என்னய்யா செய்தாய்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருப்பது டிக்கெட் எண்ணிக்கை மட்டும்தான். நீங்கள் அன்பாகக் கேட்டு வாங்கிய உதவிகள் எல்லாம், தாளில் அவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்.

இன்னொரு பயமும் உண்டு. தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும் வரிசையைத் தாண்டிச் செய்தார் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது இந்த ஊரில் சுலபத்தில் அடங்காது. அதனால்தான் நாலு பேர் காதில் விழும்படி இங்கிலீஷ்.

டிக்கெட்டைப் போட்டுவிட்டு, மதியம் கோப்பிக்கடையில் பரோட்டாத் தட்டோடு எதிரே போய் உட்காருங்கள். அங்கே அண்ணே என்று கூப்பிட்டுப் பாருங்கள், காவிரி கரை புரளும்.

*வாசகர், கிளமெண்டி*

கே: புது மென்பொருள் போட்டுக்கொள்ள பாஸ் சரி சொல்லிவிட்டார். ஐடி அனுமதி தர மறுக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டாரா?

ப: கர்ப்பக்கிரகச் சாவியை வாங்கிக்கொண்டு போனவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது பூசாரிக்குத்தான் தெரியும். இந்த நாட்டு அரசாங்கமே 2016இல் அறிவித்து, 2017க்குள் தன் ஊழியர்களின் சுமார் 100,000 கணினிகளில் இணையத்தைத் தனியே பிரித்துவிட்டது. அன்றைக்கு எழுந்த புலம்பல் கொஞ்சமில்லை. அடுத்த ஆண்டு சிங்ஹெல்த் செய்தி வந்ததும் மருத்துவமனைகளிலும் அதையே செய்தார்கள். நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்க, ஒரு விவரம் தேட வேறு கம்ப்யூட்டருக்கு ஓட வேண்டிய சிரமம் உண்மைதான். ஆகவே ஐடி சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ‘பாலிசி’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒருவர் கதவைச் சாத்தினால், ‘எந்தப் பாலிசி, எங்கே எழுதியிருக்கு, இதே வேலையைச் செய்ய எதை அனுமதிப்பீங்க?’ என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் முதல் இரண்டும் எதற்கு?

*வாசகர், சுவா சூ காங்*

கே: வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரே ஒரு வரி மாற்றச் சொன்னேன். ‘திங்கக்கிழமை’ என்றார். சோம்பேறித்தனம்தானே?

ப: புத்திசாலித்தனம். 2024 ஜனவரி 1 அன்று ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனதும் ஒரே ஒரு ‘வரி’ மாற்றம்தான். பழைய பில்லுக்கு 8, புது பில்லுக்கு 9, போன ஆண்டு விற்ற சரக்கு இந்த ஆண்டு திரும்பி வந்தால் மறுபடி 8 என்று கணக்குப் பிரிவுக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

டிபிஎஸ் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய வங்கி. 2023இல் அதன் சேவைகள் திரும்பத் திரும்ப முடங்கியதும், அந்த நவம்பரிலிருந்து ஆறு மாதத்துக்கு அவசியமில்லாத ஐடி மாற்றம் எதையும் தொடக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவே போட்டது. அவ்வளவு பெரிய வங்கிக்கே ‘கையை வைக்காதே’ என்றார்கள். உங்கள் ஆள் இரண்டு நாள்தானே கேட்கிறார்?

*ஐடி சப்போர்ட் ஊழியர், ஈசூன்*

கே: எல்லாரும் எங்களைத் திட்டியே எழுதுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை எங்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தை யார் கேட்பது?

ப: நான் கேட்கிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி மதியம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு செத்துப்போயின. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் செக்-இன் செய்தன. முடங்கிய இயந்திரங்களில் நிறையவற்றை இருந்த இடத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, பாதுகாப்பு நிலையில் திறந்து, ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கு 48 இலக்கச் சாவியைத் தட்ட வேண்டும். உங்கள் சாதிசனம் அந்த வார இறுதி முழுக்க அதைத்தான் செய்தது. வீட்டில் சாப்பாடு ஆறிப்போனது.

ஜூலை மாதக் கடைசி வெள்ளி, கணினி நிர்வாகிகளுக்கு நன்றி சொல்லும் நாள். 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2024இல் அது சரியாக அடுத்த வெள்ளி. உங்களுக்கு யாராவது ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்களா?

கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். டிக்கெட்டை மூடும்போது ‘முடிந்தது’ என்று மட்டும் எழுதாமல், என்ன கோளாறு, ஏன் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். கேட்டதைச் செய்ய நாலு நாள் ஆகும் என்றால் முதல் நாளே ‘வியாழக்கிழமை’ என்று சொல்லிவிடுங்கள். நாலு நாள் காத்திருப்பதற்கு ஜனங்கள் பெரிதாகக் கோபப்படுவதில்லை. நாலு நாள் சத்தமே இல்லாமல் இருந்தால்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

*வாசகர், உட்லண்ட்ஸ்*

கே: எழுதியாயிற்று, கேட்டாயிற்று, காத்திருந்தாயிற்று. இப்போது மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் இங்கிலீஷ் உச்சரிப்பைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார். இதற்கும் டிக்கெட்டா?

ப: இல்லை. இது கம்ப்யூட்டர் கோளாறே இல்லை, இங்கே பொறுமையும் வேண்டாம். என்றைக்கு, எந்தக் கூட்டத்தில், யார் யார் இருக்க, என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ‘எப்பவும் இப்படித்தான்’ என்று போய் நின்றால் மனிதவளப் பிரிவு அனுதாபப்படும். தேதியோடு போய் நின்றால் விசாரிக்கும். 2014இல் வந்த தொந்தரவுத் தடுப்புச் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில், இனம், மொழித்திறன் உள்ளிட்ட காரணங்களால் பாகுபாடு காட்டுவதாக வரும் புகார்களை விசாரிக்க முதலாளிகள் முறையான ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. கம்பெனிக்குள் கதவு திறக்காவிட்டால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டேஃபெப் அமைப்பிடம் போகலாம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக யாருடைய நாக்கையும் அளக்க உரிமை கிடையாது.

*வாசகர், பாசிர் ரிஸ்*

கே: லேப்டாப் ஆமை வேகம். புதுசு கேட்டால் ஐடி காதிலேயே வாங்குவதில்லை.

ப: வேகத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள்தான் புலம்ப வேண்டும். ‘இதில் விண்டோஸ் 10 இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று இதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது, நான் இதில் வங்கி வேலை செய்யலாமா?’ என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் அவர் புலம்புவார்.

*வாசகர், பொங்கோல்*

கே: இந்த ஐடி ஆட்களுக்குப் பதில் செயற்கை நுண்ணறிவை வைத்துவிட்டால் நிம்மதிதானே?

ப: அது உடனே பதில் சொல்லும், பணிவாகச் சொல்லும், சில நேரம் தப்பாகவும் அடித்துச் சொல்லும். உங்கள் ஆளுக்கு முதல் இரண்டும் வராது என்பது உண்மைதான்.

*இல்லத்தரசி, புக்கிட் பாத்தோக் வெஸ்ட்*

கே: என் கணவரே ஐடி சப்போர்ட்தான். ஆபீஸில் எல்லாரும் அவரைத் தங்கமானவர் என்கிறார்கள். வீட்டில் வைஃபை ஒரு மாதமாகப் படுக்கையறைக்கு வருவதில்லை. சொன்னால் ‘பாக்கறேன்’ என்கிறார். நான் யாரிடம் போவது?

ப: அவருடைய மேலிடத்துக்குப் போங்கள். மாமியார் நம்பர் இருக்கிறதல்லவா?